அரைத் தாளம் பிந்திய குரல்

இதை வாசிக்கும் உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் வேலையை உங்களுக்கு நான் தரவில்லை. நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பேச்சு மேடைகளில் வளர்ந்தவனை நான் நன்கு அறிவேன், ஏனெனில் நானே அவன். கைதட்டல் அடங்கியதும் தான் சொன்னதை அவன் மறந்துவிடுவான். கேட்டவர்கள் மறக்காதிருந்தால்தான் அவன் சொல் அவனைக் கட்டும். ஒரு நாள் காலையில், கூடியிருந்தவர்கள் முன்னிலையில், உரத்த குரலில் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். அந்த இடம் வரும்வரை என்னுடன் வாருங்கள்.

வருகிற திங்கட்கிழமை முதல் நான் களத்தில் இல்லை. எங்கள் நிறுவனத்தின் நவி மும்பை நெருள் அலுவலகத்தில் அமர்ந்து, மேடைகளுக்கு வரைபடம் போடப் போகிறேன். முப்பதைச் சற்றே கடந்த ஒருவன் ஓய்வு பெற்றவனைப் போலப் பேசலாமா என்று கேட்பீர்கள். என் குழுவிலுள்ள முருகேஷ் முன்னமே கேட்டுவிட்டான்: "பென்ஷன் எப்ப வருது, பாஷன் பாய்?" பாஷன் என்றால் இந்தியில் மேடைப்பேச்சு. குழுவில் எனக்கு வைத்த பெயர் அது. அந்தப் பெயரை நான் வெறுத்ததில்லை. தாராவியில் பிறந்து, திருநெல்வேலித் தமிழைக் காதால் கற்று, மாட்டுங்காவின் அரங்குகளில் அதே தமிழை நிமிர்த்திப் பேசிக் கோப்பைகள் வென்றவன் நான். கல்லூரியில் படித்தது இயற்பியல். கிடைத்த வேலை, செம்பூரில் ஒரு தற்காலிக மேடை நிறுவனத்தில். கல்யாணம், கோயில் விழா, தேவாலயத் திருநாள், பள்ளி ஆண்டு விழா என்று எதற்கும் இரும்புக் குழாய்களால் மேடை கட்டுவோம். விளக்குக் கோபுரம் நிறுத்துவோம். விழா முடிந்ததும் பிரித்து லாரியில் ஏற்றுவோம்.

வாசிப்பவர்களில் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் குழாயை எப்படிப் பூட்டுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதை நம் குழுவின் எஸ்தர் என்னைவிடப் பொறுமையாகச் சொல்லித் தருவாள். பூட்டிய பின் எடுக்க வேண்டிய முடிவுகளைப் பற்றியே என் பேச்சு.

முதலில் மாட்டுங்கா. திறந்தவெளியில் ஒரு திருமண வரவேற்பு. மைதானத்தின் ஓரத்தில் எங்கள் விளக்குக் கோபுரம். படம்பிடிப்பவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக உச்சியில் கூடுதல் விளக்குகளை ஏற்றியிருந்தோம். அடியில் வைக்க வேண்டிய மணல் மூட்டைகளோ குறைவு. எடை முழுவதும் மேலே, பிடிமானம் மட்டும் கீழே. மழைக்கு முந்தைய காற்று எழுந்ததும் கோபுரம் தலையாட்டத் தொடங்கியது. இறக்க வேண்டும் என்று நின்றிருந்த அனைவருக்கும் தெரிந்தது. ஆனால் எங்கள் முதலாளி சொல்லாமல் ஒரு கயிறும் அவிழாது என்பது அன்றைய நடைமுறை. அவரோ சிக்னல் கிடைக்காத ஒரு லோக்கல் ரயிலில் நின்றுகொண்டிருந்தார்.

கோபுரத்தைப் பார்த்தேன், கைபேசியைக் காதில் வைத்தபடி உறைந்து நின்ற எங்கள் ஆட்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே வடிவமாகத் தெரிந்தன. நிறுவனத்தின் எடையும் உச்சியில்தான் இருந்தது. ஈர்ப்பு மையம் உயர உயர, சாய்வதற்குச் சிறு காற்றே போதும். நான் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். எனக்கு அந்த உரிமை இல்லை. விளக்குகள் இறங்கின, பெண் வீட்டார் என்னைத் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறி ஏசினர். நனைந்தபடி வந்து சேர்ந்த முதலாளி இறக்கி வைத்த கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு இறக்கினே?"

"காத்தைக் கேட்டு சார்."

"வாய் இருக்குடா உனக்கு," என்றார். மறுவாரம் என்னைக் குழுத்தலைவன் ஆக்கினார். சுமை தாங்கும் இடத்தில் முடிவெடுக்கும் உரிமையும் இருக்க வேண்டும் என்பதை அன்று அவர் பாதி ஒப்புக்கொண்டார். மீதிப் பாதிக்குச் செம்பூர் விழா வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேடை கட்டி முடித்ததும் தலைவன் முன்னே நின்று "பக்கா?" என்று கேட்பான். குழு முழுவதும் ஒரே குரலில் "பக்கா!" என்று முழங்கும். அதன் பிறகே யாரும் மேலே ஏறலாம். வாடிக்கையாளர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். சிலர் படம் பிடித்துக்கொள்வார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஒரு சொல்லுக்குப் பத்துக் குரல் எதிரொலித்தால் எந்தப் பேச்சாளனுக்குத்தான் பிடிக்காது?

செம்பூரில் ஓர் இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழா. மன்றத்தின் தலைவர் மளிகைக் கடை வைத்திருப்பவர்; எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஆளுயர மேடை வேண்டும், பின்னால் தன் படம் போட்ட பெரிய பேனர் வேண்டும், மேடை முழுக்கப் பிள்ளைகள் ஆட வேண்டும் என்பது அவர் விருப்பம். முந்தின நாள் மழை பெய்து மண் இளகியிருந்தது. எடைக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தேன். ஏறப் போகும் பிள்ளைகளின் எடையைப் போல் இரு மடங்கை அந்த மேடை தாங்கும். மாலையில் நடனம் சொல்லித்தரும் கோமதி டீச்சர் தம் மாணவர்களை ஏற்றி, ஒரு பாட்டின் பாதி வரை ஒத்திகை பார்த்தார். பறையடிக்கு எல்லாக் கால்களும் ஒன்றாக மிதித்தன. பிறகு பிள்ளைகள் உடை மாற்றப் போனார்கள். நான் மேடையின் முன்னே வந்து நின்றேன்.

"பக்கா?"

"பக்கா!"

அந்த முழக்கத்தில் ஒரு குரல் அரைத் தாளம் பிந்தி வந்தது.

விவாத மேடைகளில் எதிரணியின் பேச்சைக் கேட்கும்போது சொற்களை விட்டுவிட்டுத் தயக்கத்தைக் கேட்கும்படி என் காதைப் பழக்கியிருக்கிறேன். எங்கே மூச்சு தடுமாறுகிறதோ அங்கேதான் வாதம் பலவீனமாக இருக்கும். அந்த இடத்தைக் கண்டால் நான் பாய்வேன். அன்று பாயவில்லை. அது எதிரணியின் குரல் இல்லையே, எஸ்தருடைய குரல். மூட்டுகளின் பூட்டுகளைச் சரிபார்ப்பவள் அவள். என்னோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவள்.

"எஸ்தர், ஏன் பிந்திச் சொன்ன?"

"நானா? இல்லியே. பக்காதான் லீடரே."

"பூட்டு எல்லாம் சரியா?"

"பூட்டு ஏக்தம் சரி. நானே பாத்தேன்."

அவள் சொன்னது உண்மை. ஆனால் நான் கேட்ட கேள்வி தவறு. சரியா என்று கேட்டால், சரி என்ற பதில் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எனவே அவளை லாரிக்குப் பின்னால் அழைத்துப் போனேன். மற்றவர்கள் காதில் விழாத இடம் அது.

"பூட்டை விடு. உனக்கு எது பிடிக்கல? சின்னதா இருந்தாலும் பரவால்ல."

அவள் சிறிது நேரம் மேடையையே பார்த்தாள். "சொன்னா சிரிப்ப. பிள்ளைய மிதிக்கப்போ பின்னாடி பேனரு ஆடிச்சி. காத்தே இல்ல. நானும் கையை நனைச்சிப் பிடிச்சிப் பாத்தேன்."

நான் சிரிக்கவில்லை. அடுத்து முருகேஷை அழைத்தேன். அவன் விளக்குகளைப் பார்ப்பவன்.

"உனக்கு எது பிடிக்கல?"

"பிடிக்காம என்ன? லைட்டு ரெண்டு கிணுகிணுன்னு சத்தம் போட்டுச்சி. கிளாம்ப் லூசுன்னு நினைச்சி டைட் பண்ணேன். டைட் பண்ண பெறவும் சத்தம் வந்துச்சி. ஸ்பீக்கர் அதிர்ச்சின்னு விட்டுட்டேன்."

மூன்றாவதாக எங்கள் ஓட்டுநர் ஷிண்டே. மராத்திக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். "பின்னாடி காலு ஒண்ணு மண்ணுல கொஞ்சம் உள்ளே போச்சு. தோடாசா. விரல் அளவு. எல்லாரும் பக்கா சொல்லிச்சு, நானும் சொல்லிச்சு."

இப்போது உங்களுக்கு ஒரு விதியை நினைவூட்ட வேண்டும். ஊஞ்சலை ஒரு குழந்தையே தள்ளி உயர ஆட்டிவிட முடியும். பலம் தேவையில்லை, அது திரும்பி வரும் கணத்தில், ஒவ்வொரு முறையும், அதே தாளத்தில் தள்ளினால் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் அது விரும்பி ஆடும் ஒரு வேகம் உண்டு. வெளியிலிருந்து வரும் தாளம் அதனோடு பொருந்திவிட்டால் சிறு அசைவு பெருகிக்கொண்டே போகும். ஒத்ததிர்வு என்று பாடத்தில் படித்தோம். நான் போட்டது எடைக் கணக்கு. மேடையைக் கேள்வி கேட்டதோ தாளம். அசையாமல் நிற்கும் கூட்டத்தை அது தாங்கும். ஒன்றாக மிதிக்கும் கூட்டத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கணத்தில் இன்னொன்றும் எனக்கு விளங்கியது. எங்கள் முழக்கமும் அதே விதிக்குத்தான் கட்டுப்பட்டிருந்தது. மூவரிடம் மூன்று சிறு ஐயங்கள் இருந்தன. ஒவ்வொருவரும் மற்றவர் குரலைக் கேட்டுத் தன் ஐயத்தை விழுங்கினர். உறுதி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவிப் பெருகியது. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. அதிர்வைப் பெருகவிடாமல் உறிஞ்சிக்கொள்ளும் பாகத்தைத் தணிப்பான் என்பார்கள். ஒரு குழுவில் தணிப்பானாக இருப்பவர் தயங்குகிறவர். நாங்கள் அவரையும் தாளத்தில் சேர்த்துக் கத்த வைத்திருந்தோம்.

குறுக்குக் குழாய்களைக் கூடுதலாகப் பூட்டினால் அசைவு அடங்கும். ஆனால் அவை மாஹிம் கிடங்கில் இருந்தன. ஷிண்டே கைபேசியில் சாலை வரைபடத்தைப் பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டினார். சாலை முழுக்கச் சிவப்பு. விழாவுக்கு முன் வந்து சேர வழியில்லை. நாற்காலிகள் நிரம்பத் தொடங்கியிருந்தன.

நான் அண்ணாச்சியிடம் போனேன். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் மாலைகள் அடங்கிய பை.

"அண்ணாச்சி, பிள்ளைகள் மேடையில ஆட வேண்டாம்."

"என்னது?"

நான் விளக்கினேன். சிறப்பாகவே விளக்கினேன், அந்தப் பேச்சுக்கு ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம். ஊஞ்சல், அலை, அதிர்வு எல்லாம் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி பையை மறு கைக்கு மாற்றினார்.

"ஏலே, பாடம் எடுக்குதியா? இப்பத்தானல உன் ஆளுக எல்லாம் பக்கான்னு கத்துனாவ. ஊரே கேட்டுச்சி. என் மவளும் அதுலதான் ஆடுதா. பெத்தவன் நானே பயப்படல, நீ எதுக்குல பயப்படுத?"

"நீங்க பயப்படாததுனாலதான் அண்ணாச்சி, உங்க பங்கையும் சேத்து நான் படுதேன்."

சொற்கள் அங்கே முடிந்தன. சமையல்காரர்களிடமிருந்து அகலமான ஓர் அண்டாவில் தண்ணீர் வாங்கி வரச் சொன்னேன். தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தே தாராவியில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. முருகேஷும் எஸ்தரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கால்களை ஒன்றாக வைத்து, அண்ணாச்சியை நோக்கி நடந்தார்கள். சில அடிகளிலேயே தண்ணீர் ஒரு பக்கமாக எழும்பி, அவர் வேட்டியில் முழங்கால் வரை பாய்ந்தது.

"அட நாசமாப் போறவனே!"

"மறுபடி பாருங்க அண்ணாச்சி."

இம்முறை அவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தார்கள். அதே அண்டா, அதே ஆட்கள். தண்ணீர் விளிம்பைத் தொட்டது, வெளியே வரவில்லை. அண்ணாச்சி வேட்டியைப் பிழிந்தபடி அண்டாவையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது கோமதி டீச்சர் குறுக்கே வந்தார். ஆடையெல்லாம் குண்டூசிகள், கண்களில் பல மாதப் பயிற்சியின் களைப்பு. "தம்பி, இந்த அண்டா மாதிரியே ஆடிடுவோம். பிள்ளைகளை மூணு குழுவாப் பிரிக்கிறேன். ஒவ்வொரு குழுவும் வேற வேற அடியில மிதிக்கட்டும். மேடையும் ஆடாது, எங்க டான்ஸும் நிக்காது. என்ன சொல்றீங்க?"

அருமையான யோசனை. இயற்பியல்படி சரி. அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. என் முகமும்தான் மலர்ந்திருக்கும். அனைவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். அதுவே என்னை நிறுத்தியது. இன்னொரு "பக்கா" என் கண் முன்னே உருவாகிக்கொண்டிருந்தது.

"டீச்சர், பாட்டு நடுவுல கூட்டம் கை தட்டுமா?"

"தட்டாமயா? விசிலே பறக்கும்."

"கூட்டம் எந்தத் தாளத்துல தட்டும்?"

ஆயிரம் கைகள் ஒரு தாளத்தில் தட்டும்போது, மூன்று தாளத்தில் மிதிக்கும் குழந்தைகள் எவ்வளவு நேரம் மூன்றாக இருப்பார்கள்? கூட்டம் அவர்களை இழுத்து ஒன்றாக்கிவிடும். சூத்திரம் சரியாக இருந்தது. ஆனால் அந்தச் சூத்திரத்தின் ஒரு பக்கத்தில் அண்ணாச்சியின் மகள் நின்றாள். சரியான சூத்திரத்தை நம்பி ஒரு குழந்தையை ஏற்றுவது வேறு. குழந்தை தவறினாலும் விழாத ஏற்பாட்டைச் செய்வது வேறு. தலைமை என்பது இரண்டாவதைச் செய்வதற்குத்தான்.

"மேடையில யாரும் ஏறக்கூடாது. விருந்தாளிகளும் கீழேயே உட்காரட்டும். மேடைக்கு முன்னால இருக்குற நாற்காலிகளை எடுத்துட்டுப் பாயை விரிப்போம். பிள்ளைகள் தரையில ஆடட்டும்."

"காலி மேடைக்கு முன்னாடியா? என் போட்டோ மட்டும் மேல நிக்கணுமா? பாக்கவன் சிரிக்கமாட்டானால?"

அவர் முதலாளியை அழைத்தார். கைபேசி என் கைக்கு வந்தது.

"எல்லாரும் பக்கான்னு சொன்னதுக்கு அப்புறம் நிறுத்தறதுக்கு நீ யாரு? நம்ம பேரு என்ன ஆறது? ஏத்து அவாளை."

"முடியாது சார்."

"அப்போ நாளைக்கு யார்டுக்கு வராதே."

நான் கைபேசியை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தேன். மேடையின் படிக்கட்டைக் கழற்றச் சொன்னேன். எஸ்தர் முதல் பூட்டைத் திறந்தாள். படிக்கட்டு லாரிக்குப் போனது. அதன் பிறகு யாரிடமும் வாதிட வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகள் பாயில் ஆடினார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலி மீது ஏறி நின்று பார்த்தார்கள். தெரியவில்லை என்று கத்தினார்கள். நான் எதிர்பார்த்தபடியே கூட்டம் கை தட்டத் தொடங்கியதும் எல்லாக் கால்களும் ஒன்றாக மிதித்தன. தரை அசையவில்லை. மேலே, வெற்று மேடையில், அண்ணாச்சியின் படம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் என்னிடம் வந்து மேடையின் காலை ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியா? கல்லு மாதிரி நிக்குது."

"நிக்குது அண்ணாச்சி."

வேறென்ன சொல்ல முடியும்? அந்த மேடை சரிந்திருக்குமா? எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. புதியவர்களே, இந்தத் தொழிலின் கடினமான பகுதி இதுதான். நிகழ்ந்த விபத்துக்கு ஆதாரம் கிடைக்கும். நிகழாமல் தடுத்ததற்கு ஆதாரமே கிடைக்காது. கைதட்டலுக்காகப் பழகியவன் அந்த வெறுமையைத் தாங்கக் கற்றாக வேண்டும். இரவு வீட்டுக்குப் போகும்போது நான் சரியாகச் செய்தேன் என்று யாரும் சொல்லப் போவதில்லை.

மறுநாள் காலை, வராதே என்று சொல்லப்பட்ட யார்டுக்கு, குழாய்களை அடுக்கி வைக்கும் எங்கள் முற்றத்துக்கு, சென்றேன். குழு முழுவதும் குழாய்களின் நடுவே நின்றது. முதலாளி தேநீரைக் கீழே வைத்தார்.

"வராதேன்னேனே?"

"பதில் சொல்லிட்டுப் போறேன் சார்."

"சொல்லு. விழுந்திருக்கும்னு ப்ரூவ் பண்ண முடியுமா உன்னால?"

"முடியாது சார்."

"எல்லாரும் பக்கான்னாளா இல்லையா?"

நான் வாயைத் திறக்கும் முன்னே எஸ்தர் ஓர் அடி முன்னால் வந்தாள். "நான் தனியா வேற சொன்னேன் சார். பேனரு ஆடிச்சின்னு."

"லைட்டு சத்தம் போட்டுச்சி சார்," என்றான் முருகேஷ், தன் செருப்பைப் பார்த்தபடி.

"மண்ணு இறங்கிச்சு சாப்," என்றார் ஷிண்டே.

"அப்புறம் எதுக்குடா பக்கான்னு கத்தினேள்?"

எஸ்தர்தான் சொன்னாள்: "எல்லாரும் கத்துனாவ சார். நானும் கத்துனேன்."

முதலாளி அவளையே பார்த்தார். தேநீரை எடுத்தார், குடிக்காமல் மறுபடி வைத்தார். மாட்டுங்காவில் இறக்கி வைத்த கோபுரத்தைச் சுற்றி வந்தவர் அவர். எடை எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

"சரி. உன் ஆட்களை நீ எப்படி வேணா கேட்டுக்கோ. ஆனா ஷோ நின்னா கஸ்டமர் மூஞ்சில நீதான் முழிக்கணும். நான் வரமாட்டேன்."

"முழிக்கிறேன் சார்."

"பாஷன் ஒண்ணு இருக்குமே? அதையும் பண்ணித் தொலை. லாரி நிக்கறது."

குழாய் அடுக்கின் மீது ஏறி நின்றேன். எத்தனையோ மேடைகளில் நான் ஏறியிருக்கிறேன். அவ்வளவு ஆட்டம் கண்ட மேடையில் ஏறியதில்லை. அன்று பேசியதே நான் பேசியவற்றில் மிகச் சிறிய பேச்சு. ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே வைக்கிறேன். அன்று யார்டில் நின்றவர்கள் இதற்கு முதல் சாட்சி. நீங்கள் இரண்டாம் சாட்சி. நெருளில் வரைபடம் போடும் மேசையிலும் இது என்னைக் கட்டும்.

"இன்று முதல் நான் உங்களை ஒன்றாகக் கேட்கமாட்டேன். ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்பேன். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்குவேன். சரியா என்று கேட்கமாட்டேன். எது சரியில்லை என்று கேட்பேன். உங்களில் ஒருவர் 'இல்லை' என்றால் அந்தப் படிக்கட்டு கழற்றப்படும். முதலாளி ஏறச் சொன்னாலும் கழற்றப்படும். நானே ஏற வந்தாலும், நான் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், கழற்றப்படும்."